குடியுரிமையும் மொழியறிவும்

பண்ருட்டியில் நான் தலைமையாசிரியனாய்ப் பணியாற்றிய நாளில், நெய்வேலியிலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன், "ஐயா, அயல்நாட்டார் ஒருவர் இங்கே தங்கி இந்தியக் குடிமகனாக விரும்பினால் எம்மொழியை அறிந்திருக்க வேண்டும்?" என்று வினவினான். "இந்தியோ ஆங்கிலமோ அறிந்திருக்க வேண்டும்" என்று தயங்காது விடையிறுத்தேன். அன்றிரவு சட்டநூலைப் புரட்டியபோது, என் விடையிற் பாதி பிழை, பாதி குறை என்பது விளங்கிற்று.

நெய்வேலியிலே பன்மொழி பேசுவோர் வாழ்கின்றனர். இந்தியக் குடிமக்களாகிய அவர்கட்கு மொழித்தேர்வு இல்லை; நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு அளிக்கின்றது. மொழிவிதி, நெடுநாள் தங்கியதன் வாயிலாகக் குடியுரிமை கோரும் அயல்நாட்டார்க்கே உரியது.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஏதேனும் ஒன்றிலே போதிய அறிவு வேண்டும் என்கிறது. 1950இல் அம்மொழிகள் 14; இன்று 22. தமிழ் தொடக்கமுதலே அவற்றுள் ஒன்று. ஆங்கிலமோ அதில் இடம்பெறவே இல்லை! ஆகவே தமிழ் மட்டும் கற்ற அயல்நாட்டார் இவ்விதியை நிறைவுசெய்வார்; ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் நிறைவுசெய்யார்.

மொழியறிவை ஏன் கேட்கவேண்டும்? அண்டை அயலாரோடு அளவளாவவும், வழக்குமன்றத்தில் தம் குறையை எடுத்துரைக்கவும், ஆய்ந்து வாக்களிக்கவும் மொழி வேண்டும். ஆயினும் வாயிலாக அமையவேண்டிய விதி மதிலாகிவிடவும் கூடும். 1957இல் விடுதலை பெற்ற மலாயா, குடியுரிமைக்கு மலாய்மொழி அறிவை வேண்டிற்று. தோட்டங்களிலே உழைத்து மூத்த தமிழர் பலர், அத்தேர்வில் தேறவியலாது குடியுரிமையின்றி நெடுங்காலம் வருந்தினர். அமெரிக்க நாட்டிலும் ஆங்கிலத் தேர்வு உண்டு. ஆனால் 50 வயது கடந்து, நிலையாய்த் தங்கும் உரிமையுடன் 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தோர்க்கு விலக்களிக்கின்றனர். முதுமையில் புதுமொழி பயில்வதன் அருமையை உணர்ந்த விதி அது.

மறுநாள் வகுப்பிலே என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அம்மாணவன், "அப்படியாயின் அவருக்கு நாமே கற்பிக்கலாமே, ஐயா!" என்றான். சட்டநூல் சொல்லாத கடமையை அச்சிறுவன் சொன்னான். புதிதாய் வந்தவர் நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுங்கால் நகையாதிருங்கள். பிழையைப் பொறுமையோடு திருத்துங்கள். அவருக்கு அது வெறும் பேச்சன்று. ஒரு நாட்டினுள் நுழையும் வழி.