அம்மா ஏன் போனில் கத்துறா?



இந்த எபிசோட்டில் டி.எஸ்.பி எண்ட சொல் நாலஞ்சு தரம் வந்துபோனது. டிஜிட்டல் சிக்னல் புரொசெசர். நேரம் இல்லாததால் அங்கே விரிவாகக் கதைக்க முடியேல்லை, அதைத்தான் இங்கே எழுதுறன். டெலிகொம் பெட்டிக்குள் இருக்கிற ஏதோ சிப் எண்டு கடந்து போயிடாதேங்கோ. உங்கட அம்மா அப்பா ஊருக்குக் கதைச்ச கோல்கள் கனக்க அதுக்குள்ளாலதான் போனது.

போன் கார்ட் காலம்

2000களில் தமிழ்க் கடையில் கார்ட் வாங்கி, சுரண்டி, நீளமான நம்பர் அடிச்சு, ஊரில் கொமினிக்கேசன் கடையில் காத்திருக்கிற அம்மம்மாவோட கதைக்கிறதை நீங்கள் சின்ன வயசில் பாத்திருப்பீங்கள், இல்லாட்டி கதையாய்க் கேட்டிருப்பீங்கள். கன கார்ட் கம்பனிகள் கோலை வழமையான சர்வதேச லைனில் அனுப்பேல்லை. குரலைச் சுருக்கி இன்டர்நெட் பக்கெட்டாக அனுப்பினவை. சுருக்கிற வேலை நடந்தது மீடியா கேட்வே எண்ட பெட்டியில்.

கணக்கைப் பாருங்கோ. சாதாரண டிஜிட்டல் போன் லைன் குரலை செக்கனுக்கு 8000 தரம் அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதும். மொத்தம் 64 கிலோபிட். 1972இல் வந்த ஜி.711 தரம் இது. 1996இல் வந்த ஜி.729 அதே குரலை 8 கிலோபிட்டுக்குள் அடக்கும். 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பக்கெட் எண்டு வைச்சு, தலைப்புகளையும் சேர்த்தால், 80 கிலோபிட் போற இடத்தில் 24 கிலோபிட் போதும். ஒரு கோலின் இடத்தில் மூண்டு கோல். கார்ட் மலிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி இவ்வளவு சுருங்குது? ஒவ்வொரு 10 மில்லிசெக்கன் குரலையும் எடுத்து, தொண்டையும் வாயும் எந்த வடிவில் இருந்திருக்கும், குரல்நாண் எப்படி அதிர்ந்திருக்கும் எண்டு ஜி.729 கணிக்கும். பிறகு தன்னட்ட இருக்கிற குறியீட்டுப் பட்டியலில் கன சேர்க்கைகளைப் போட்டுப் பாத்து, அசலுக்குக் கிட்ட வாறதைத் தேடும். விடை வெறும் 10 பைட். மற்றப் பக்கத்துப் பெட்டி அதை வைச்சு குரலைத் திரும்பச் செய்யும். சமையல் குறிப்பைப் பாத்துத் திரும்பச் சமைக்கிற மாதிரி.

எக்கோ எண்ட தலையிடி

வீட்டுக்கு வாற பழைய போன் லைன் இரண்டு கம்பி. எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் போற வழியும் வாற வழியும் தனித்தனி. இரண்டும் சந்திக்கிற இடத்தில் குரலின் ஒரு பகுதி திரும்பி வரும். உள்ளூர்க் கோலில் உடனே வாறதால் அது தெரியாது. கண்டம் தாண்டி, பக்கெட்டுக்குள் காத்திருந்து வரும்போது உங்கட சொல் உங்களுக்கே பிந்திக் கேட்கும்.

அந்த எக்கோவைக் கேட்வே கணிச்சுக் கழிக்க வேணும். 64 மில்லிசெக்கன் நீள எக்கோவுக்கு 512 பெருக்கல், அதுவும் செக்கனுக்கு 8000 தரம். கணிப்பைத் திருத்திக்கொண்டே இருக்க இன்னும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு கோலுக்குச் செக்கனுக்கு 82 லட்சம் பெருக்கல். ஐரோப்பாவில் ஒரு ஈ1 லைனில் 30 கோல் போகும். அப்ப 24 கோடிக்கு மேல்.

1997இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டுவந்த சி6201 டி.எஸ்.பி, 200 மெகாஹெர்ட்ஸில் செக்கனுக்கு 40 கோடி பெருக்கல் செய்யும். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒரு ஈ1இன் எக்கோவுக்கே போயிடும். ஜி.729 இன்னும் தொடங்கவே இல்லை!

கைக்குள் அடங்கிற போர்ட்

அதனால் பல டி.எஸ்.பிகளை ஒரே சின்னப் போர்ட்டில் அடுக்கினவை. பி.எம்.சி எண்ட தரத்தில் போர்ட்டின் அளவு 74க்கு 149 மில்லிமீட்டர். ஏறக்குறைய உங்கட கையில் இருக்கிற போன் அளவுதான். பெரிய போர்ட்டின் முதுகில் இது குந்தியிருக்கும். 2005இல் வந்த ஏ.எம்.சி தரத்தில் பெட்டியை நிப்பாட்டாமலே ஒரு போர்ட்டை இழுத்து மாத்தலாம். கழட்டலாம் எண்டு சொல்ல நீல லைட் எரியும்.

இது நல்லா வேலை செய்ததுக்குக் காரணம், ஒரு கோலுக்கும் மற்றக் கோலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு டி.எஸ்.பிக்கு இத்தனை கோல் எண்டு பிரிச்சுக் குடுத்தால் சரி. ஒண்டு பழுதானால் அதில் இருந்த கோல்கள் மட்டும்தான் அறும். சி6201க்குள் புரோகிராமுக்கு 64 கிலோபைட், டேட்டாவுக்கு 64 கிலோபைட் மெமரி. வேலையை அதுக்குள்ளேயே வைச்சிருந்தால் எது எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு முன்கூட்டியே எண்ணிச் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிமார் இதைக் கவனியுங்கோ. எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்தது சராசரி வேகம். குரலுக்கு வேண்டியது கெடு. 10 மில்லிசெக்கன் வேலை ஒவ்வொரு தரமும் 10 மில்லிசெக்கனுக்குள் முடிய வேணும். 999 தரம் வேளைக்கு முடிச்சு, ஒருதரம் பிந்தினால், அந்த ஒருதரம் காதில் "டக்" எண்டு கேட்கும்.

ஒரு கொன்ட்ராக்டில் இதை நேரில் பாத்தனான். பழைய டி.எஸ்.பி கேட்வே ஒண்டை எடுத்துப்போட்டு, அதே வேலையைச் சாதாரண சேர்வரில் மென்பொருளாக ஓடவிடுற வேலை. டாஷ்போர்ட்டில் சி.பி.யு பாவனை மூண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கோலில் கரகரப்பு. அதே சேர்வரில் மற்ற வேலைகள் இடைக்கிடை புகுந்து சில மில்லிசெக்கனைத் திருடிக்கொண்டிருந்தது. குரலுக்கெண்டு சில கோர்களைத் தனியாக ஒதுக்கி, வேற ஒண்டையும் கிட்ட விடாமல் செய்த பிறகுதான் கரகரப்பு நிண்டது. பழைய போர்ட்டில் செய்திருந்ததும் அதுதானே!

எதை விட்டுட்டம்?

இடத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு வழியும் இருந்தது: ஆள் கதைக்காத நேரத்தில் ஒண்டையும் அனுப்பாமல் விடுறது. முழு அமைதி கேட்டால் "லைன் அறுந்திட்டுதோ" எண்டு ஆக்கள் பயப்படுவினம். அதனால் மற்றப் பக்கத்தில் பொய்யாக ஒரு மெல்லிய இரைச்சலை உருவாக்கிப் போட்டவை. ஆனால் எது குரல், எது இரைச்சல் எண்டு முடிவெடுக்கிறது மெசின். மெதுவாகத் தொடங்கிற சொல்லின் முன்பகுதி வெட்டுப்படும். அம்மா கத்தினதுக்கு ஒரு காரணம் கிடைச்சுதா? சத்தமாய்த் தொடங்கினால் வெட்டு குறைவு.

ஜி.729 ஒரு ஆள் கதைக்கிறதுக்கெண்டு செய்தது. தேர்த் திருவிழாவின் நாதஸ்வரத்தைக் கேட்க யாரும் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தால், இங்கே வந்து சேர்ந்தது சிதைஞ்ச சத்தம்தான். வழியில் மொபைல் நெட்வேர்க்கும் வந்தால் குரலை விரிச்சு, திரும்ப இன்னொரு முறையில் சுருக்க வேணும். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தேயும், கொஞ்சம் பிந்தும். விலை குறைக்கிறதுக்கு எதை விடலாம் எண்டு ஆரோ ஒரு மேசையில் முடிவெடுத்தவை. அந்த முடிவோடதான் எங்கட குடும்பங்கள் வருசக்கணக்காய்க் கதைச்சது.

இப்ப?

2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸ் மாதிரியான கோடெக்கில் இரண்டு போனும் நேராகக் கதைச்சால் நடுவில் திரும்பச் சுருக்க வேண்டிய தேவை இல்லை. எக்கோவைப் போனே அழிக்கும். குவால்கொம் சிப்பில் ஹெக்சகன் எண்ட டி.எஸ்.பி அதுக்குள்ளேயே இருக்கு. அந்த 149 மில்லிமீட்டர் போர்ட்டின் வேலை அதே அளவுப் போனுக்குள் வந்திட்டுது.

5ஜி அன்டெனாவுக்குப் பின்னால் கெடு இன்னும் இறுக்கம். கனக்கப் பாவிக்கிற அமைப்பில் ஒரு ஸ்லொட் அரை மில்லிசெக்கன். அதுக்கும் பல கோர் உள்ள தனி சிப்புகள்தான் கைகொடுக்குது.

இந்தக் கிழமை வேலை: வீட்டில் எந்தப் போன் கார்ட் பாவிச்சவை, கோலில் என்ன பிரச்சினை வந்தது எண்டு கேட்டு, இந்தக் கடிதத்துக்குப் பதில் போடுங்கோ. அது எக்கோவா, வெட்டா, பிந்தலா எண்டு அடுத்த எபிசோட்டில் சேர்ந்து கண்டுபிடிப்பம்.