தொழிற்பழகுநரின் உரிமைகள்

ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே வேலை பழகுவதை 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் முறைப்படுத்துகிறது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஆனால் ஒசூர், ஒரகடம் ஆலைகளில் ‘டிரெய்னி’ அட்டை மாட்டியிருக்கும் எல்லோரும் இச்சட்டத்துக்குள் வருவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி, அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சேரும்போதே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

2019 விதிகள் மாதாந்திர உதவித்தொகையாக ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக வைத்தன. இத்தொகை திருத்தப்படக்கூடியது, சேரும் நாளில் நடப்பில் உள்ளதைப் பார்க்க வேண்டும். உருப்படிக் கணக்கில் கூலி தருவதற்குத் தடை உண்டு. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகர் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சியின்போது காயம்பட்டால் தொழிலாளிக்கு உரிய சட்டப்படியே நிறுவனம் இழப்பீடு தர வேண்டும்.

அதிகம் நடக்கும் அநியாயம் வேறு. டர்னர் பழகுநரை மாதக்கணக்கில் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்ட நிறுத்திவிடுகிறார்கள். லேத்தில் டூல் பொருத்தவும், மைக்ரோமீட்டரில் அளவு பார்க்கவும், சி.என்.சி. மெஷினில் ஆஃப்செட் திருத்தவும் கை பழக வேண்டிய மாதங்கள் அவை. டிரேடு தேர்வில் மெஷின் முன்னால் நிற்கும்போதுதான் இழப்பு தெரியும். பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலை வாங்குவது சட்டப்படி குற்றம். ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம் 1,000 ரூபாய்தான். ஓர் இளைஞரின் ஓராண்டுக்கு அது ஈடே அல்ல.

சட்டம் தராதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். பழகுநர் தொழிலாளி அல்லர் என்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் இல்லை. 2014 திருத்தம் அதை நிறுவனத்தின் கொள்கைக்கே விட்டுவிட்டது. ‘நிரந்தரம் ஆக்கிவிடுவோம்’ என்பதை எழுத்தில் வாங்காமல் நம்பக் கூடாது. அசல் சான்றிதழ்களை நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொல்லும் பிரிவு எதுவும் இச்சட்டத்தில் இல்லை.

பழகுநர் ஒப்பந்தமே இல்லாமல் முழுநேர உற்பத்தி வேலையில் நிறுத்தப்பட்டவர், தொழிலாளிக்குரிய குறைந்தபட்ச ஊதியமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் கோரித் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

பதிவு பெற்றவரின் புகார் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் எழுத்தில் போக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தையும், டிப்ளமோ, பட்டதாரிகள் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தையும் அணுகலாம். ஒப்பந்த நகல், ஷிப்ட் பட்டியல், வங்கி வரவு, தினமும் செய்த வேலையைத் தேதியோடு எழுதிய நோட்டு ஆகியவை புகாருக்கு வலு சேர்க்கும். ஆலோசகரின் முடிவில் குறை இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.