ஒரு பக்கம் மட்டும் அமர்ந்த மேசை

மிலான் நகரில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில், 1490களில் லியொனார்டோ தா வின்சி வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தை எல்லாரும் முகங்களுக்காகப் பார்ப்பார்கள். தச்சுப் பட்டறையில் வளர்ந்த என் கண் மேசைக்குத்தான் போகும். நீண்டு ஒடுங்கிய பலகை, விரிப்புக்குக் கீழே மரத் தாங்கிகள், ஒரே வரிசையில் பதின்மூன்று பேர். இயேசு காலத்து விருந்துகளில் சாய்ந்து படுத்தபடி உண்பதே வழக்கம். லியொனார்டோ வரைந்தது, அந்தக் கூடத்தில் தினமும் சாப்பிட்ட துறவிகளுக்குப் பழகிய மேசையை.

ஏன் ஒரே பக்கம்? 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில் சாப்பாட்டுக்கும் விதிகள் உண்டு. நாளுக்கு ஒரு ராத்தல் ரொட்டி, சமைத்த பண்டம் இரண்டு. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் உண்ண வேண்டும். எதுவும் தேவையென்றால் சைகை காட்ட வேண்டும். எதிரே பேச ஆள் தேவையில்லை. சுவருக்கு முதுகு காட்டி வரிசையாக அமர்ந்தார்கள். பரிமாறுபவர் முன்பக்கமாக வந்தார். அதற்கு அகலமான பலகை எதற்கு? வாழ்ந்த முறையே இந்த மேசைக்கு அளவெடுத்துக் கொடுத்தது. அதன் அழகு முழுவதும் அங்கிருந்து வந்ததாகவே நான் நினைக்கிறேன்.

தொடக்கத்தில் அது கழற்றி வைக்கக்கூடிய பலகைதான். பிரபுக்களின் கூடங்களிலும் அப்படியே. இங்கிலாந்தின் பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் 15ஆம் நூற்றாண்டு மேசைகள் இன்றும் இருக்கின்றன. பின்னர், 16ஆம் நூற்றாண்டில், துளையும் கழுந்துமாகக் கோத்து மரஆணி அடித்த கனத்த கால்கள் பரவின. தரையை ஒட்டிக் கால்களை இணைத்து ஓடும் சட்டம் மேசையை ஆடாமல் பிடிக்கும். குளிர்ந்த கல்தரையில் பாதம் படாமல் அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.

இன்று மடாலய மேசை என்று விலைபேசப்படுபவற்றில் பல, 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பழைய பாணியில் செய்தவை. வாங்குபவர் முதலில் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். அடிச்சட்டத்தின் மேல்விளிம்பு, பாதங்கள் ஊன்றிய இடங்களில் மட்டும் தேய்ந்திருக்கிறதா? முழு நீளமும் சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். ஓக் மரம் குறுக்கே சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. அதனால் பழைய மேசையில் மரஆணியின் தலை சற்றே துருத்தி நிற்கும், கடைந்த காலை இரண்டு திசையில் அளந்தால் வட்டம் லேசாக நசுங்கியிருக்கும். பலகையின் அடிப்பக்கத்தில் வில்போல வளைந்த அறுப்புத் தடம் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோ.

பிந்தியது என்றாலும் நல்ல மேசை நல்ல மேசைதான். ஒடுக்கமானது என்பதால், இருபுறமும் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் தட்டுக்குக் கை எட்டும். பெரிய குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இழைத்துப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.