மரம் அறுக்கும் செயின் சா: பழைய மாடலா, புதிய மாடலா?

வாடிக்கையாளர் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த பழைய செயின் சாவை நம் கடை மேஜைமேல் வைக்கிறார். "அண்ணாச்சி, இதுக்கு இன்னொரு தடவை செலவு பண்ணலாமா, இல்லே புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்கிறார். மளிகையோடு இரும்புச் சாமான்களும் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களிலும் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது, இந்த இயந்திரம் எவ்வளவு அவசியமானது என்பதை அனைவரும் நேரில் கண்டோம்.

"புதுசுதான் நல்லது" என்று சொன்னால் ஒரு விற்பனை நடக்கும். "பழசு இரும்பு மாதிரி, விடாதீங்க" என்று சொன்னால் வந்தவர் மனம் குளிர்ந்து போவார். இரண்டுமே பாதி உண்மைதான். தொழில்முறை செயின் சாவின் விலை பல பத்தாயிரம் ரூபாய். தவறான யோசனை சொன்னால் அவருக்குப் பணம் நஷ்டம். நமக்கோ பெயர் நஷ்டம். எனவே பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எண்கள் சொல்வது என்ன?

உலகச் சந்தையில் தொழில்முறை ரம்பங்களுக்குப் பெயர் பெற்றவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று, 1926இல் தொடங்கப்பட்ட ஜெர்மனியின் ஸ்டில். மற்றொன்று சுவீடனின் ஹஸ்க்வர்னா. இவற்றின் பழைய, புதிய மாடல்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். கீழே உள்ள எடைகள் பார், செயின், எரிபொருள் இல்லாமல் இயந்திரத்தின் எடை மட்டுமே. ஒரு கிலோவாட் என்பது ஏறத்தாழ 1.36 குதிரை சக்தி.

ஸ்டில் எம்.எஸ். 440 பல ஆண்டுகள் காடுகளில் உழைத்த மாடல். 70.7 சி.சி., 4.0 கிலோவாட், 6.3 கிலோ. அதன் இடத்துக்கு வந்துள்ள எம்.எஸ். 462 மாடலோ 72.2 சி.சி., 4.4 கிலோவாட், 6.0 கிலோ. சக்தி 10 சதவீதம் கூடுதல். எடை 300 கிராம் குறைவு.

பெரிய மரங்களுக்கான எம்.எஸ். 660 மாடல் 91.6 சி.சி., 5.2 கிலோவாட். அதற்கு அடுத்து வந்த எம்.எஸ். 661 மாடல் 91.1 சி.சி., 5.4 கிலோவாட். இங்கே சக்தியில் வேறுபாடு 4 சதவீதம்தான். எடையிலும் பெரிய மாற்றம் இல்லை.

ஹஸ்க்வர்னாவின் 372 எக்ஸ்.பி. 70.7 சி.சி., 3.9 கிலோவாட், 6.1 கிலோ. புதிய 572 எக்ஸ்.பி. 70.6 சி.சி., 4.3 கிலோவாட், 6.6 கிலோ. சக்தி கூடியிருக்கிறது, ஆனால் எடையும் அரைக் கிலோ கூடிவிட்டது. ஆகவே, புதிய மாடல் என்றாலே லேசாக இருக்கும் என்று வாடிக்கையாளரிடம் பொதுப்படையாகச் சொல்லிவிடக் கூடாது.

சக்தி 10 சதவீதம் கூடினால் நாள் வேலை 10 சதவீதம் கூடிவிடுமா? கூடாது. மரம் வெட்டுபவர் மரத்துக்கு மரம் நடக்கிறார், கிளை கழிக்கிறார், கயிறு கட்டுகிறார், டாங்கை நிரப்புகிறார். ரம்பம் முழு வேகத்தில் மரத்துக்குள் நிற்கும் நேரம் நாளில் ஒரு பகுதியே. அறுக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால், நல்ல நிலையிலுள்ள பழைய ரம்பத்தைப் புதியது வெகு தூரம் முந்திவிடுவதில்லை.

மிச்சம் எங்கே இருக்கிறது?

புதிய மாடலின் உண்மையான ஆதாயம் பெட்ரோலில் இருக்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடுகிறது. கிழிந்த மூட்டையில் அரிசி அளந்து போடுவது போன்ற கதைதான்.

புதிய எஞ்சினில் முதலில் வெறும் காற்று உள்ளே வந்து புகையைத் தள்ளுகிறது. அதன் பின்னால்தான் பெட்ரோல் கலவை வருகிறது. வழிந்து போவது பெரும்பாலும் காற்றாகவே இருப்பதால் பெட்ரோல் மிஞ்சுகிறது. ஸ்டில் இதை 2-மிக்ஸ் என்றும், ஹஸ்க்வர்னா எக்ஸ்-டார்க் என்றும் அழைக்கின்றன. 20 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்பது அந்த நிறுவனங்களே கூறும் கணக்கு. இந்த மாற்றத்தை அவர்கள் தாமாக விரும்பி மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து சிறு எஞ்சின்களுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இத்தகைய உத்தரவைப் பிறப்பித்தது.

நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 5 லிட்டர் ஊற்றி, ஆண்டில் 200 நாள் மரம் அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் நாளுக்கு 1 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 20,000 ரூபாய். ஆயில் செலவு குறைவது தனி. அதே ரம்பத்தைத் தோப்புக்காரர் ஆண்டுக்கு 20 நாள் மட்டும் எடுக்கிறார் என்றால், அவருக்கு மிச்சம் 2,000 ரூபாய்தான். முன்னவருக்குப் புதிய ரம்பம் தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுக்கும். பின்னவருக்கு அந்தக் கணக்குத் தேறாது.

திருப்புளியின் இடத்தில் கம்ப்யூட்டர்

பழைய ரம்பத்தின் கார்புரேட்டரில் சிறு ஸ்குரூக்கள் உண்டு. அவற்றைத் திருப்பிக் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள அளவைச் சரி செய்ய வேண்டும். சமவெளியில் சரியாக ஓடும் ரம்பம் நீலகிரி உயரத்துக்குப் போனால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. மறுபடி திருப்ப வேண்டும். ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் ஆகிய ஏற்பாடுகளில் இந்த வேலையை மின்னணுக் கருவியே செய்துவிடுகிறது. உயரம், வெப்பம், ஏர் ஃபில்டரில் சேர்ந்த தூசி ஆகியவற்றுக்கு ஏற்ப அளவு தானாக மாறுகிறது.

இன்னும் ஒரு படி மேலே போனது, 2019இல் விற்பனைக்கு வந்த ஸ்டில் எம்.எஸ். 500ஐ. இதில் கார்புரேட்டரே கிடையாது; எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் முறை. 79.2 சி.சி., 5.0 கிலோவாட், 6.2 கிலோ. பழைய 660 மாடலுக்கு நெருங்கிய சக்தி. எடையோ ஒரு கிலோவுக்கு மேல் குறைவு. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் பெரிய பாய்ச்சல் இதில்தான் தெரிகிறது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. பழைய ரம்பத்தை ஊரிலுள்ள மெக்கானிக் ஒரு திருப்புளியோடு சரி செய்துவிடுவார். புதியதில் கோளாறு வந்தால், அதைக் கண்டறியும் கருவி உள்ள சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நிலையம் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்பதும் ரம்பத்தின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

இ20 பெட்ரோல்: கவனம் தேவை

நம் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்தது. 2025இல் நாடு முழுவதற்குமான சராசரிக் கலப்பே 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய ரம்பம் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

கையால் திருப்பும் கார்புரேட்டர் உள்ள ரம்பங்களில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஓட்டத்தில் கோளாறு வரலாம் என்று ஸ்டில் கையேடுகள் எச்சரிக்கின்றன. எம்-ட்ரானிக் உள்ள ரம்பங்களோ 27 சதவீதம் வரை முழுச் சக்தியோடு ஓடும் என்று அதே கையேடுகள் கூறுகின்றன. காரணம் இதுதான்: எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்குச் சற்றுக் கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது. மின்னணுக் கருவி அதை அறிந்து கூட்டிவிடும். பழைய ஸ்குரூ தானாகத் திரும்பாது. எரிபொருள் போதாமல் முழு வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ரம்பத்தை மட்டுமல்ல, விற்றவரையும் திட்டுவார்கள்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் டயாப்ரத்தையும் கெடுக்கும். ஆகவே தேவைக்கு மட்டும் கலவை தயாரித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லுங்கள். ரம்பத்தை எடுத்து வைக்கும்போது டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும். ஆயில் அளவு நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலில் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ரம்பத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

கையும் உயிரும்

அதிர்வு கண்ணுக்குத் தெரியாத செலவு. ஆண்டுக்கணக்கில் அதிரும் இயந்திரத்தைப் பிடித்தவர்களுக்கு விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வருகிறது. கைக்கு ஏறும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது. புதிய மாடல்களில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஸ்பிரிங்குகள் உள்ளன. பழையதில் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

பாரின் முனை மரத்தில் தட்டினால் ரம்பம் ஆளை நோக்கி எகிறும். அப்போது செயினை நொடியில் நிறுத்துவது செயின் பிரேக். மிகப் பழைய பெரிய ரம்பங்கள் பலவற்றில் இந்தப் பிரேக் கிடையாது. அத்தகைய ரம்பம் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதற்குச் செலவு செய்யும்படி நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

தராசு நேராக இருக்கிறதா?

"பழசையும் புதுசையும் ஓட்டிப் பார்த்தேன், புதுசு பறக்குது" என்று பலர் சொல்வார்கள். உற்று விசாரித்தால், பழையதில் மழுங்கிய செயினும் புதியதில் பெட்டியிலிருந்து எடுத்த செயினும் இருந்திருக்கும். தராசைச் சமன் பார்க்காமல் எடை போடுவதற்கு ஒப்பானது இது. ஒப்பிடுவதென்றால் இரண்டிலும் ஒரே நீளப் பார், ஒரே வகைப் புதுச் செயின் போட வேண்டும். ஒரே மரத்தில் மாற்றி மாற்றி மூன்று தடவை அறுத்து, நேரத்தையும் குடித்த பெட்ரோலையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மரத்தை அறுப்பது செயினின் பல்தான். எஞ்சின் அதை இழுத்து ஓட்டுகிறது, அவ்வளவே. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டுப் புழு இரு பக்கமும் கடித்து முன்னேறுவதைக் கூர்ந்து கவனித்தார். அதன் தாடையைப் பார்த்து அவர் அமைத்த பல்தான் இன்றைய செயின்களுக்கு முன்னோடி. அறுக்கும்போது செதில் செதிலாக விழுந்தால் பல் கூராக உள்ளது. மாவாகக் கொட்டினால் அரம் போட வேண்டும். ஒரு நல்ல வட்ட அரம் தரும் வேகத்தைப் பல நேரம் புதிய மாடலாலும் தர முடியாது.

என்ன சொல்லி அனுப்புவது?

கேட்டு வருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள்? ரம்பத்தில் செயின் பிரேக் இருக்கிறதா, வேலை செய்கிறதா? பக்கத்தில் யார் பழுது பார்க்கிறார்கள்? அசல் உதிரி பாகம் கிடைக்கிறதா?

நாள்தோறும் ஓட்டுபவர், சர்வீஸ் நிலையம் அருகில் உள்ளவர் என்றால் புதிய மாடல் அவருக்கு லாபம். எப்போதாவது எடுப்பவர், பிரேக்கும் பிஸ்டனும் நல்ல நிலையில் உள்ளவர் என்றால் புதுச் செயின், பிளக், ஃபில்டர், பெட்ரோல் குழாய் மாற்றி, கார்புரேட்டரை இன்றைய பெட்ரோலுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பழையதும் அல்ல, புதியதும் அல்ல. பெயர் பெற்ற பழைய மாடல்களைப் பார்த்துச் செய்த நகல்கள் மிகக் குறைந்த விலைக்குச் சந்தையில் உலவுகின்றன. பார்வைக்கு அதே வடிவம், அதே நிறம். நகலை நகலென்று சொல்லி விற்பது வேறு. அசல் என்று சொல்லி விற்பது வேறு. முறையான பில்லும் உத்தரவாத அட்டையும் இல்லாத சரக்கைக் கடையில் ஏற்றாதீர்கள்.

ரம்பம் விற்காத நம் சிறு வணிகர்களுக்கும் இதில் வியாபாரம் இருக்கிறது. அரம், டூ ஸ்ட்ரோக் ஆயில், செயின் ஆயில், பிளக், கையுறை, கண் கண்ணாடி ஆகியவை பழைய ரம்பத்துக்கும் வேண்டும், புதியதற்கும் வேண்டும். செயின் சா வாங்குபவர் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வருவார்; அரம் வாங்குபவர் மாதந்தோறும் வருவார். அவரிடம் உண்மையைச் சொல்லி அனுப்பிய கடைக்குத்தான் மறுபடியும் வருவார்.