மூன்று பேரும் ஒரு வக்கீலும்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினார்கள். ஆடு மாடு போல விற்றார்கள். விற்கப்பட்டவர்கள் கறுப்பின மக்கள். அவர்களை அடிமைகள் என்றார்கள். அடிமை தப்பி ஓடினால் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கும் சட்டம் இருந்தது.

1861-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் தனி நாடு என்று பிரிந்தன. வர்ஜீனியாவும் பிரிந்தது. ஆனால் அதன் கடற்கரையில் இருந்த மன்ரோ கோட்டை மட்டும் வடக்குப் படையின் கையில் இருந்தது. அங்கே தளபதி பெஞ்சமின் பட்லர்.

பட்லர் 1818-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். தாய் லோவெல் நகரில் பஞ்சாலைப் பெண்களுக்கு விடுதி நடத்தி மகனை வளர்த்தார். மகன் வக்கீல் ஆனார். போர் வந்ததும் படைக்குப் போனார்.

மே 23 இரவு. மூன்று அடிமைகள் படகில் ஏறிக் கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்பது அவர்கள் பெயர். எதிரிப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை விட்டிருந்தார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும்? அது தெரிந்தேதான் வந்தார்கள்.

மறுநாள் எதிரிப் படை அதிகாரி ஒருவர் வெள்ளைக் கொடியோடு வந்தார். சட்டப்படி மூவரையும் திருப்பித் தரக் கேட்டார்.

வக்கீல் மூளை வேலை செய்தது. வர்ஜீனியா தனி நாடு என்கிறதே, பிறகு எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று பட்லர் மடக்கினார். அடிமை என்பவன் சொத்து என்பது உங்கள் வாதம். போரில் எதிரி பயன்படுத்தும் சொத்தைப் பறிமுதல் செய்யலாம், ஆகவே தர முடியாது என்றார்.

மனிதரைச் சொத்து என்று பேசியது சரியல்லதான். பட்லர் அதுவரை அடிமைகளுக்காகப் பாடுபட்டவரும் அல்ல. முந்தைய மாதம்தான், மேரிலாந்தில் அடிமைகள் கலகம் செய்தால் அடக்கித் தருகிறேன் என்றிருந்தார். மூவரும் படகு ஏறி வராவிட்டால் அவர் இப்படி வாதாடியிருக்க மாட்டார்.

செய்தி பரவியது. பிள்ளைகுட்டிகளோடு மக்கள் கோட்டைக்கு வந்தார்கள். போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கறுப்பருக்கு எழுத்துக் கற்பிப்பது வர்ஜீனியாவில் குற்றம். அந்த மண்ணிலேயே மேரி பீக் என்ற பெண் 1861 செப்டம்பரில் ஓக் மரத்தடியில் பாடம் தொடங்கினார். 1865-ல் அடிமை முறையே ஒழிந்தது.

பட்லர் 1867-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். விடுதியிலும் ரயிலிலும் நாடக அரங்கிலும் கறுப்பருக்குச் சம இடம் தரும் சட்டத்துக்காக உழைத்தார். 1875-ல் அது நிறைவேறியது. 1883-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அப்படி ஒரு சட்டம் அங்கே மறுபடி வர 1964 ஆயிற்று.