குணமாக்குவோருக்கும் குணம் வேண்டும்

மனம் உடைந்தோர்க்கு ஆறுதல் மொழிவோரின் மனமும் உடைவதுண்டு. நாள்தோறும் பிறர் துயரைச் செவிமடுப்பவர் தம் துயரை எவரிடம் இறக்கிவைப்பார்?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பணிபுரியும் ஆற்றுப்படுத்துநர் ஒருவர், தம் தொழிலைச் சேர்ந்த மற்றொருவரை நாடும்போது எழும் சிக்கல் சிறியதன்று. ஒரே வட்டாரத்தில் தொழில் புரிவோர் ஒருவரையொருவர் அறிவர். வந்தவர் தம் நோவைச் சொல்லாமல், நோயின் பெயரைச் சொல்வார். கேட்பவரும், 'இவர் அறியாததா?' எனக் கூச்சமுற்று, வினவ வேண்டியதை வினவாது விடுவார். தோழமை கருதிக் கட்டணம் வாங்காவிடிலோ, கடன்பட்ட உணர்வே அவரை மறுமுறை வரவிடாது தடுக்கும்.

திருச்சபை இச்சிக்கலை நன்கறியும். திருத்தந்தையும் மற்றொரு குருவிடமே பாவசங்கீர்த்தனம் செய்கிறார். தமக்குத் தாமே மன்னிப்பு வழங்கிக்கொள்ள எவருக்கும் அதிகாரமில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 985ஆம் எண், குருமட அதிபர் தம்முடன் வாழும் மாணவரின் பாவசங்கீர்த்தனத்தை, அம்மாணவரே தாமாக விரும்பிக் கேட்டாலன்றிக் கேட்கலாகாது என விதிக்கிறது. ஒருவரைக் குருப்பட்டத்திற்கு ஏற்பது பற்றி முடிவெடுக்கையில், அவருடைய ஆன்ம குருவின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்டவரின் கருத்தையோ வினவுவதை 240ஆம் எண் தடுக்கிறது. பூந்தமல்லி குருத்துவக் கல்லூரிக்கும் உரோமைக்கும் இதுவே நெறி. தீர்ப்பிடும் இருக்கையும் குணமாக்கும் இருக்கையும் ஒன்றாதல் ஆகாது. ஆகவே மேலதிகாரியிடமோ, தம்மிடம் பயில்வோரிடமோ, நெருங்கிய நண்பரிடமோ சிகிச்சை பெறுதல் தகாது. சற்றுத் தொலைவிலுள்ள ஒருவரைத் தேடுதலே நலம்.

இன்னொரு வினா உண்டு. சிகிச்சைக்கு வந்தவர் தம் நிலை குலைந்து, தம்மை நம்பி வருவோர்க்கே தீங்கிழைப்பாராயின்? பாவசங்கீர்த்தன இரகசியத்திற்கு விதிவிலக்கே இல்லை. சிகிச்சையின் இரகசியமோ அத்தகையதன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கப் பணிக்கிறது. எனினும் பிறரைத் தீங்கினின்று காக்கத் தேவையான அளவு மட்டும் வெளியிட இடந்தருகிறது. எனவே முதலில் அவரிடமே பேசி, பணியினின்று சில காலம் விலகச் செய்தல் வேண்டும். இவ்வெல்லையை முதல் நாளிலேயே அவருக்கு எடுத்துரைப்பதும் கடமை.

உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய பிராய்டு, பகுப்பாய்வாளர் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாமும் பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும் என 1937இல் எழுதினார். அதில் வெட்கத்திற்கு இடமில்லை என்பதும் அவர் கருத்து.

பிறர் பாதங்களைக் கழுவுவோர், தம் பாதங்களைப் பிறர் கழுவவும் இடந்தர வேண்டும். அன்று பேதுருவுக்குக் கடினமாயிருந்ததும் இதுவே அன்றோ?