அலிகியேரி: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில், ஒன்பதாம் வகுப்பிற்கு உலக வரலாறு கற்பிக்கையில், இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயைப் பற்றிக் கூற நேர்ந்தது. பாடத்தை முடித்து, ஐயம் உண்டாயின் கேட்கலாம் என்றேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, புத்தகத்தில் தாந்தே அலிகியேரி என்று போட்டிருக்கிறது, நீங்கள் தாந்தே என்று மட்டும் சொல்கிறீர்களே, அந்த இரண்டாம் பெயர் யாருடையது?" என்று கேட்டான். "அது குடும்பப் பெயர் அப்பா, தந்தை வழியாக வருவது" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அவ்விடை பாதிக்கு மேல் தவறு என்பதை, ஓய்வு பெற்ற பின்னர் அமைதியாக அமர்ந்து படித்தபொழுதுதான் அறிந்தேன். அம்மாணவனுக்கு நான் பட்டிருக்கும் கடனை இன்று உங்கள் முன்னிலையில் தீர்க்க விழைகின்றேன்.

இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பல வகையில் பிறந்தவை. முன்னோர் ஒருவரின் நிறமோ, தொழிலோ, ஊரோ பெயராக நிலைத்ததுண்டு. இன்று அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் பெயர் ரோஸ்ஸி என்பது. செம்பட்டை முடியுடைய முன்னோர் ஒருவரைச் சுட்டி எழுந்த பெயர் அது. ஃபெர்ராரி என்பது கொல்லர் குடியைக் குறிப்பது. இவ்வாறன்றி, முன்னோர் ஒருவரின் இயற்பெயரே அவர் வழியினர் அனைவர்க்கும் பெயராகி விடுவதும் உண்டு. அலிகியேரி இவ்வகையைச் சேர்ந்தது. அலிகியேரோ என்பது ஓர் ஆடவரின் பெயர். ஈற்றிலுள்ள ஓகாரம் இகரமாக மாறின் 'அலிகியேரோவின் வழியினர்' என்று பொருள்படும். தாந்தேயின் தந்தையார் பெயர் அலிகியேரோ; பாட்டனார் பெயர் பெல்லின்சியோனே; பாட்டனாரின் தந்தையார் பெயரும் அலிகியேரோவே.

ஆயின், அந்த முதல் அலிகியேரோவுக்கு அப்பெயர் எவ்வாறு வாய்த்தது? இதற்கு விடை கூறுபவர் தாந்தேயே. தம் குடும்பப் பெயரின் பிறப்பைத் தம் காவியத்துள்ளேயே எழுதி வைத்த கவிஞர் உலகில் மிகச் சிலரே இருப்பர்.

அவருடைய காவியத்தின் மூன்றாம் பகுதி விண்ணுலகைப் பாடுவது. அதன் பதினைந்தாம் காண்டத்தில், செவ்வாய் மண்டலத்தில், தம் முன்னோர் ஒருவரைத் தாந்தே சந்திக்கின்றார். அவர் பெயர் காச்சாகுவீதா. பேரரசர் மூன்றாம் கோன்ராதின் கீழ் வீரராகி, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இடையில் நிகழ்ந்த சிலுவைப் போரில் உயிர் நீத்தவர். அவர் தம் உடன்பிறந்தார் இருவரின் பெயரைச் சொல்லுகின்றார். பின்னர், தம் மனைவி போ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவள் என்றும், தாந்தேயின் குடும்பப் பெயர் அவளிடமிருந்தே உண்டாயிற்று என்றும் தெரிவிக்கின்றார். புளோரென்ஸ் நகரத்து வீரர் ஒருவர் வட நாட்டில் பெண் கொண்டார். அப்பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரைத் தன் மகனுக்கு இட்டாள். அம்மகனின் பெயரே பிற்காலத்தில் குடும்பத்தின் பெயராயிற்று. புகுந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்த சீர்களில் எழுநூறு ஆண்டு கடந்தும் அழியாமல் நின்றது இது ஒன்றே எனலாம்.

அந்தப் பெயரை முதன்முதல் தாங்கிய மகனைத் தாந்தே எங்கு வைத்திருக்கின்றார் தெரியுமா? தூய்மையுறும் மலையின் முதற் படிக்கட்டில்! செருக்குற்றோர் பெரும் பாறைகளைச் சுமந்து, முதுகு வளைந்து நடக்கும் இடம் அது. நூறாண்டுக்கும் மேலாக அவர் அங்குச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்றும், அவர் துன்பத்தைக் குறைப்பது கொள்ளுப்பேரனின் கடமை என்றும் காச்சாகுவீதா அறிவுறுத்துகின்றார். தமக்கும் அந்தப் படிக்கட்டே மிகுந்த அச்சம் தருவதாகத் தாந்தே வேறோரிடத்தில் ஒப்புக்கொள்கின்றார். குடும்பப் பெயரோடு குடும்பக் குணமும் வந்தது என்று அவரே கருதினார் போலும்.

இதில் ஒரு சிறு பிழையும் உண்டு. காவியப் பயணம் நிகழ்வதாகச் சொல்லப்படும் ஆண்டு 1300. முதல் அலிகியேரோவோ 1201ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உயிருடன் இருந்தமைக்கு ஆவணச் சான்று உள்ளது. எனவே நூறாண்டுக்கு மேல் என்பது பொருந்தாது. தம் கொள்ளுப்பாட்டனார் மறைந்த ஆண்டு தாந்தேக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பெரும் புலவர்க்கும் குடும்ப வரலாறு செவிவழிச் செய்தியாகவே கிடைத்தது என்பதை இது காட்டுகின்றது.

அப்பெண்ணின் குடும்பம் அல்திகியேரி எனப்பட்டது. அவர்கள் ஃபெர்ராரா நகரத்தவர் என்பார் பொக்காச்சியோ. தாந்தேயின் வாழ்க்கையை முதலில் விரிவாக எழுதியவர் அவர். 'த்' என்னும் ஒலி இடையில் தேய்ந்து மறைந்தமையால் அல்திகியேரி என்பது அலிகியேரி ஆயிற்று என்றும் அவர் விளக்குகின்றார். மொழிநூலார்க்கும் இஃது உடன்பாடே. அச்சொல்லின் வேர் இலத்தீன் அன்று, ஜெர்மானியம். முதுமை அல்லது முதிர்ந்த அறிவு என்னும் பொருளுடைய ஒரு சொல்லும், ஈட்டி என்னும் பொருளுடைய ஒரு சொல்லும் சேர்ந்து அப்பெயர் பிறந்தது. உரோமப் பேரரசு வீழ்ந்தபின் வடக்கிருந்து இத்தாலிக்குள் புகுந்த ஜெர்மானியக் கூட்டத்தார் நாட்டை ஆண்டதோடு, தங்கள் பெயர்களையும் மக்களிடையே விட்டுச் சென்றனர். இலத்தீன் மரபின் வழித்தோன்றல் என்று தம்மைப் பெருமையாக எண்ணிய தாந்தே, ஒரு ஜெர்மானிய ஈட்டியைப் பெயரில் சுமந்துகொண்டிருந்தார் என்பது வியப்புக்குரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாந்தே என்ற பெயர் அப்பெருங்காவியம் முழுவதிலும் ஒரே ஓரிடத்தில்தான் வருகின்றது. அலிகியேரி என்ற பெயரோ ஓரிடத்திலும் வரவில்லை. பெயரின் பிறப்பைக் கூறியவர் பெயரைக் கூறாமல் விட்டார்!

இனி அப்பெயர் புளோரென்சை விட்டு நீங்கிய கதைக்கு வருவோம். 1302ஆம் ஆண்டு சனவரியில் அந்நகர அரசு தாந்தேக்கு அபராதமும் நாடுகடத்தலும் விதித்தது. மார்ச்சு மாதத்தில், பிடிபட்டால் எரித்துக் கொல்லுக என்று தண்டனை கடுமையாயிற்று. 1315இல் பிறந்த மூன்றாம் தீர்ப்பு அவருடைய மைந்தரையும் சேர்த்துத் தண்டித்தது. தாந்தே 1321இல் ரவென்னா நகரில் காலமானார். அவருடைய மகன் பியெத்ரோ சட்டம் பயின்று வெரோனா நகரில் நீதிபதியானார். தந்தையின் காவியத்திற்கு இலத்தீனில் உரையும் வரைந்தார். வெரோனாவை அடுத்த வால்போலிசெல்லா என்னும் குன்றுநாட்டில், கர்காஞ்ஞாகோ என்னும் சிற்றூரில், 1353ஆம் ஆண்டு அவர் ஒரு நிலத்தை வாங்கினார். திராட்சையும் ஒலிவமும் விளையும் நிலம். தாயகத்தை இழந்த குடும்பம் அங்கே வேர் ஊன்றியது.

இருநூறு ஆண்டுகள் சென்றன. பதினாறாம் நூற்றாண்டின் இடையில் அக்குடும்பத்தில் பெயர் சொல்ல ஆண்மகவு இல்லாமற் போயிற்று. எஞ்சியவள் ஜினேவ்ரா என்னும் பெண். 1549இல் அவள் மார்க்கந்தோனியோ செரேகோ என்னும் பிரபுவை மணந்தாள். மரபுப்படி அவள் மக்கள் செரேகோ என்றே வழங்கப்பட வேண்டும். அலிகியேரி என்ற பெயர் அவளோடு முடிந்திருக்க வேண்டும். அவளுடைய சிற்றப்பா பிரான்செஸ்கோ இதை எண்ணிக் கவலையுற்றார் போலும். தம் உடைமைகளை ஜினேவ்ராவின் மகனுக்கு எழுதி வைத்து, அவனும் அவன் வழியினரும் அலிகியேரி என்ற பெயரையும் தாங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அன்று முதல் அக்குடும்பம் செரேகோ அலிகியேரி என்று வழங்கி வருகின்றது. பியெத்ரோ வாங்கிய அந்த நிலம் அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களிடமே உள்ளது.

ஆகவே, நேயர்களே, ஒரு பெண்ணால் குடும்பத்துள் வந்த பெயர் மற்றொரு பெண்ணால் காக்கப்பட்டது. முதலாமவள் வாழ்ந்திராவிடில் தாந்தேக்கு வேறு பெயர் அமைந்திருக்கும். இரண்டாமவளுக்குப் பின்னும் பெயர் நிலைத்ததோ ஒரு சிற்றப்பாவின் முன்னெச்சரிக்கையால். 'தந்தை வழியாக வருவது' என்று நான் வகுப்பில் கூறிய விடை எத்துணை அரைகுறையானது என்பது இப்போது விளங்கும்.

தந்தைவழி மட்டுமே நம்பி நிற்கும் பெயர் எளிதில் அழியும் என்பதற்குக் கணக்கும் சான்று பகரும். இங்கிலாந்து நாட்டுப் பிரான்சிஸ் கால்டன் என்னும் அறிஞர், பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்ற வினாவை 1873ஆம் ஆண்டு கல்வி இதழொன்றில் கணக்காக எழுப்பினார். வாட்சன் என்னும் பாதிரியார் விடை காண முயன்றார். 1874இல் இருவரும் சேர்ந்து கட்டுரை அளித்தனர். எளிதாக இவ்வாறு பார்க்கலாம். ஆயிரம் பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஆடவர். ஒவ்வோர் ஆடவருக்கும் இரண்டு மக்கள். ஆணோ பெண்ணோ, வாய்ப்பு சமம். இரண்டும் பெண்ணாகப் பிறப்பது நான்கில் ஒரு பங்கு. எனவே முதல் தலைமுறையிலேயே 250 பெயர்கள் மறையும். இரண்டாம் தலைமுறையின் முடிவில் மறைந்தவை ஏறக்குறைய 391, மூன்றாவதில் 483, பத்தாவதில் 741. மக்கள்தொகை சற்றும் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர் இருக்கின்றனர், பெயர்கள் மட்டும் போய்விடுகின்றன. எஞ்சிய சில பெயர்கள் பெருகிப் பரவுகின்றன. எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டினார், அது பிழை. ஆண்மக்கள் சராசரி ஒன்றுக்கு மேற்படின் சில பெயர்கள் நிலைபெறக்கூடும் என்று பின்வந்தோர் திருத்தினர். பாதிரியாரும் கணக்கில் தவறலாம் என்பது எம்போன்ற ஆசிரியர்க்கு ஓர் ஆறுதல்!

இன்று இத்தாலியில் அலிகியேரி என்ற பெயரை எங்கும் காணலாம். வீட்டு வாயில்களில் மட்டும் காண்பது அரிது. ஊர்தோறும் தாந்தே அலிகியேரியின் பெயரில் ஒரு தெருவோ சதுக்கமோ உண்டு. இத்தாலிய மொழியை உலகெங்கும் பரப்ப 1889இல் தோன்றிய கழகம் அவர் பெயரைத் தாங்குகின்றது. 1910இல் கடலில் இறக்கப்பட்ட அந்நாட்டின் புதுவகைப் பெரும் போர்க்கப்பலுக்கும் அதுவே பெயர். பழைய வடிவமான அல்திகியேரி வெரோனாப் பக்கத்தில் தொடர்ந்து வழங்கி வந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டில் புகழ்பெற்ற பாடகர் கொத்தார்தோ அல்திகியேரி அந்நாட்டவரே.

பெயர் மீண்டும் இயற்பெயராகவும் மாறியது. கவிஞர் மீதுள்ள மதிப்பால் பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்கு அலிகியேரோ என்று பெயரிட்டனர். 1940இல் தூரின் நகரில் பிறந்து 1994இல் மறைந்த ஓவியர் அலிகியேரோ போயெத்தி அவருள் ஒருவர். அவர் தம் இயற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையே 'உம்' என்னும் பொருளுடைய எழுத்தொன்றை நுழைத்து, அலிகியேரோவும் போயெத்தியும் என்று இருவர் போலக் கையொப்பமிடலானார்!

பழைய தீர்ப்பையும் பெயர் மறக்கவில்லை. 2008இல் புளோரென்ஸ் நகர மன்றம், தாந்தேக்கு எதிரான தண்டனையை நீக்குவதென 19 வாக்குக்கு 5 வாக்காக முடிவு செய்தது. ஐந்து பேர் எதிர்த்தனர் என்பதைப் படித்து நான் சிரித்துவிட்டேன். எழுநூறு ஆண்டு கழிந்தும் அந்நகரத்தில் ஒருமனம் அரிது. 2021 மே மாதத்தில், சட்ட அறிஞர் கூடி அத்தீர்ப்புகளை ஆராய்ந்தனர். தாந்தேயின் வழித்தோன்றலான வானியல் அறிஞர் ஒருவரும், அன்று தீர்ப்பு வழங்கிய காந்தே கப்ரியெல்லியின் குடும்பத்தவர் ஒருவரும் அதில் பங்குகொண்டனர்.

இறுதியாகச் சட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. இத்தாலியில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவன் பெயரை அதனோடு சேர்த்துக்கொள்கின்றாள். ஆயினும் பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரே தானாக வந்தது. 2016இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், பெற்றோர் இசைந்தால் தாயின் பெயரையும் சேர்க்கலாம் என்றது. 2022இல் மேலும் சென்று, தந்தையின் பெயர் தானாக வருவது அரசியலமைப்புக்கு மாறானது என்றும், பெற்றோர் இசைந்த வரிசையில் இருவர் பெயரும் பிள்ளைக்கு வர வேண்டும் என்றும், அவர்கள் உடன்பட்டால் ஒருவர் பெயர் மட்டும் போதும் என்றும் தீர்ப்பளித்தது. ஜினேவ்ரா இன்று வாழ்ந்திருப்பின் சிற்றப்பாவின் உயில் தேவைப்பட்டிராது.

ஆயின் இதிலும் ஒரு கணக்கு உண்டு. இருவர் பெயரும் சேர்ந்த ஆண், இருவர் பெயரும் சேர்ந்த பெண்ணை மணந்தால் பிள்ளைக்கு நான்கு பெயர்; பேரனுக்கு எட்டு; அவன் பிள்ளைக்குப் பதினாறு. நீதிபதிகள் இதனைக் கவனியாமல் இல்லை. பெயர்கள் இவ்வாறு பெருகாமல் தடுக்க வழிவகுப்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று அத்தீர்ப்பிலேயே எழுதியிருக்கின்றனர்.